ரோடு பைக்கை மாத்தலாமா? ஒரு பழைய நோட்டிலிருந்து

ஆபீசில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமை காலை கோவளம் பக்கம் டீக்கடையில் நிற்கும்போது கேட்டார்: "அண்ணா, இந்த வண்டியைக் குடுத்துட்டு 105 போட்ட கார்பன் வண்டி ஒண்ணு வாங்கிடலாம்னு பார்க்கிறேன். ஒண்ணு அறுபது ஆகுது. வாங்கலாமா?"

"இப்போ வேண்டாம்பா" என்றேன், டீயை ஊதிக்கொண்டே. அவர் முகம் கொஞ்சம் சுருங்கிப் போச்சு. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கும் உறுத்தல். நான் சொன்னது என் வண்டிக்கான பதில். ரெண்டு வருஷம் முன்னாடி இதே கேள்வியை எனக்கு நானே கேட்டு, ஒரு நோட்டு முழுக்க கணக்குப் போட்டு, கண்டுபிடித்த பதில். அவர் வண்டியை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அந்த நோட்டைத் தேடி எடுத்துப் படித்ததில் எழுதியதுதான் இது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நுழைவுநிலை ரோடு பைக் என்றால் அலுமினிய ஃபிரேம், வளைந்த ஹேண்டில்பார், ஏறக்குறைய 10.5 முதல் 11 கிலோ எடை, ஷிமானோவில் கிளாரிஸ் வகைப் பாகங்கள், பின்னால் 8 பல்சக்கரம், ரிம் பிரேக், 25 மில்லிமீட்டர் டயர். ஷிமானோவின் ரோடு வரிசையில் கிளாரிஸுக்கு மேல் சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டியூரா ஏஸ் என்று போகும். ஓட்டுகிறவர்கள் பேச்சில் 105 என்பது ஒரு கோடு மாதிரி. அதுக்குக் கீழே இருந்தால் பழகுகிற வண்டி, அதைத் தொட்டுட்டா 'சீரியஸ்' வண்டி. இந்தக் கோட்டை யார் போட்டதுன்னு தெரியலை. ஆனா கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எல்லோருக்கும் அது உறுத்தும். எனக்கும் உறுத்தியது.

எனக்கு உறுத்தல் மட்டும் இருந்திருந்தால் நோட்டெல்லாம் போட்டிருக்க மாட்டேன். கை மரத்துப் போச்சு. அதான் காரணம். 300 கிலோமீட்டர் பிஆர்எம் ஒன்று ஓட்டினேன். பந்தயம் இல்லை, 20 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். முடித்தேன். ஆனால் கடைசி எழுபது எண்பது கிலோமீட்டரில் வலது கை சுண்டுவிரலும் மோதிர விரலும் உணர்ச்சி இல்லாமல் போய்விட்டன. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் திரும்பி வரும். இந்த முறை வரவில்லை. மறுநாள் காலையில் சட்டைப் பட்டன் போட முடியவில்லை, சாவியைத் திருப்ப முடியவில்லை, சாப்பிடும்போது சோறு விரலிடுக்கில் நழுவியது. டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதி வழியாகப் போகிற அல்நார் நரம்பு அழுத்தத்தில் நசுங்கியிருக்கு, சைக்கிள்காரர்களுக்கு வருவதுதான், கொஞ்ச நாள் ஓட்டாதீங்க, திரும்பத் திரும்ப நடந்தா நிரந்தரமாக பலம் குறையலாம் என்றார். சரியாக ஐந்து வாரம் ஆச்சு.

அந்த ஐந்து வாரத்தில் வண்டி ஓட்ட முடியாதவன் என்ன செய்வான், வண்டி வாங்கப் பார்ப்பான். கார்பன் ஃபிரேம் அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும் என்று எல்லா விளம்பரத்திலும் போட்டிருந்தது. கை மரப்புக்கு மருந்து கார்பன்தான் என்று முடிவே பண்ணிட்டேன். கையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சேர்த்து வைத்திருந்தேன். வீட்டுக் கூரையில் ஒழுக்கு இருந்தது, அதுக்கும் அதே பணம்தான் என்பது வேறு விஷயம். வீட்டில் "கை வலிக்குதுன்னா எதுக்கு சைக்கிள் மாத்தணும்?" என்று கேட்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. நல்ல கேள்வின்னு பிறகுதான் புரிந்தது.

கணக்குக்கு வருவோம். சைக்கிளை முன்னே தள்ள நாம் செலவழிக்கிற சக்தி முக்கியமாக மூணு இடத்துக்குப் போகுது: காற்றைக் கிழிக்க, டயர் உருள, மேடு ஏற. செயின், பேரிங் எல்லாம் தின்பது இதோடு ஒப்பிட்டால் சொற்பம், செயின் சுத்தமாக இருக்கும் வரை. என் எடை 72 கிலோ, வண்டி 11, தண்ணீர், பூட்டு, சில்லறைச் சாமான் 2, ஆக 85 கிலோ. ஈசிஆரில் காற்று அதிகம் இல்லாத காலையில் தனியாக 28 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன் என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஊர்ச் சூட்டுக்குக் காற்றின் அடர்த்தி, பிரேக் மூடி மேல் கை வைத்து உட்காரும் சராசரி உடம்பின் காற்றுத்தடை, சாதாரண டயரின் உருளும் தடைக் கெழு 0.007 என்று போட்டால், காற்றுக்கு சுமார் 97 வாட், டயருக்கு சுமார் 45 வாட் வருகிறது. மொத்தம் 142. இது ஆய்வகத்தில் அளந்தது இல்லை, சூத்திரத்தில் எண்ணைப் போட்டது. பத்து சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம், விகிதம் மாறாது.

இப்போ அந்த வண்டியை விற்றுவிட்டு 8.5 கிலோ வண்டி வாங்குகிறோம். எடை 2.5 கிலோ குறைஞ்சாச்சு. சமதரையில் இதனால் மிச்சம் எவ்வளவு? எடை, உருளும் தடையில் மட்டும்தான் வருது. 1.3 வாட். ஒண்ணரை வாட்கூட இல்லை. ரெண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு பூட்டும் சேர்ந்தாலே அந்த எடைதான், அதைத்தான் வருஷக்கணக்கா சுமந்துக்கிட்டு ஓட்டறோம்.

சரி, மலையில்? சராசரி 6 சதவீத ஏற்றம், 10 கிலோமீட்டர், அதாவது 600 மீட்டர் உயரம். ஏலகிரி மாதிரி ஒரு மலைன்னு வச்சுக்குங்க. தொடர்ந்து 180 வாட் போடுகிறேன் என்றால் பழைய வண்டியில் சுமார் 53 நிமிஷம் 35 நொடி. புதிய வண்டியில் 52 நிமிஷம் 10 நொடி. ஒண்ணேகால், ஒண்ணரை நிமிஷம்தான் வித்தியாசம். பந்தயத்தில் அது பெரிய இடைவெளி, மறுக்கலை. யூசிஐ 2000-ஆம் ஆண்டிலிருந்து பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக்கூடாது என்று விதி வைத்ததே, அந்த அளவுக்கு எடையைக் குறைக்க அவர்கள் போட்டி போட்டதால்தான். நான் ஏலகிரி உச்சியில் ஒண்ணரை நிமிஷம் முன்னாடி போய் என்ன செய்யப் போகிறேன், பஜ்ஜி இன்னும் எண்ணெயிலேயே இருக்கும்.

எடையைப் பற்றிய ஆசை அந்தப் பக்கத்தோடு முடிந்தது. அடுத்த பக்கத்தில்தான் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

டயர். நுழைவுநிலை வண்டியோடு வருகிற டயர், தடித்த ரப்பர், கனமான நூல், இரும்புக் கம்பி விளிம்பு. கம்பெனி செலவைக் குறைக்க முதலில் கைவைக்கிற இடம் அது, ஏன்னா கடையில் வண்டியைப் பார்க்கும் யாரும் டயரைக் கேட்பதில்லை, கியரைத்தான் கேட்பார்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரிகிறது. அமுங்கும்போது எடுத்துக்கொண்ட சக்தியில் ஒரு பகுதியைத் திருப்பித் தராமல் சூடாக்கி விட்டுவிடும். தடித்த, விறைப்பான டயரில் இந்த இழப்பு அதிகம். மெல்லிய, மிருதுவான உடம்பு கொண்ட நல்ல டயரில் கெழு 0.004 அளவுக்கு இறங்கும். அந்த எண்ணைப் போட்டால் 45 வாட் 26 வாட் ஆகுது. 19 வாட் மிச்சம்! அதே உழைப்பில் வேகம் 28-லிருந்து 29.6. நூறு கிலோமீட்டருக்கு 11 நிமிஷம். வண்டியே மாற்றி எடையில் கிடைப்பதைப் போலப் பதினாலு மடங்கு, ரெண்டு டயரில்.

அதுவும் எல்லாச் சாலைக்கும் 19 வாட் கிடைக்காது. சாலை கரடுமுரடாக இருந்தால் கணக்கு மாறும், அங்கே காற்றழுத்தம்தான் ராஜா. நான் ரெண்டு வருஷமா 120 பிஎஸ்ஐ அடித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். டயர் பக்கவாட்டில் 120 என்று போட்டிருக்கே, அதான் சரியான அளவு போலிருக்கு என்று. அது உச்சவரம்பு, அதுக்கு மேல் அடிக்காதே என்று சொல்வது. என் எடைக்கு 25 மில்லிமீட்டர் டயரில் 85, 90 போதும். ரொம்ப இறுக்கிவிட்டால் டயர் சின்னச் சின்ன மேடுகளை விழுங்காமல் வண்டியையும் நம்மையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அந்தத் தூக்கிப் போடுதலும் நம் சக்திதான், அது உள்ளங்கை வழியாகத்தான் உடம்புக்கு வருகிறது. தொழில்முறைப் பந்தயக்காரர்களே 23 மில்லிமீட்டரிலிருந்து 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். ஒல்லி டயர்தான் வேகம் என்கிற நம்பிக்கையை அவர்களே கைவிட்டுட்டாங்க. (காற்றடிக்க பெட்ரோல் பங்கை நம்பாதீங்க. பிரெஸ்டா வால்வுக்கு அவர்களிடம் தலை கிடையாது. அளவு காட்டும் தரைப்பம்பு ஒன்று வாங்கினால் அதுவே ஒரு அப்கிரேடு.)

காற்று விஷயம் சுருக்கமாக. காற்றுக்குப் போகும் அந்த 97 வாட்டில் பெரும்பங்கு நம்ம உடம்பு, வண்டி இல்லை. முழங்கையை மடக்கி உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தினால் 11 வாட் வரை மிச்சமாகும், காசு செலவில்லை. படபடக்கும் டீ ஷர்ட்டை விட்டுவிட்டு உடம்போடு ஒட்டும் ஜெர்சி போட்டாலும் பலன் உண்டு. வேகம் 10 சதவீதம் கூட வேண்டுமென்றால் காற்றுக்கு மட்டும் 33 சதவீதம் அதிக சக்தி வேணும். மார்கழியில் வாடைக் காற்றுக்கு எதிரே மாமல்லபுரத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு இந்தச் சூத்திரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கியர். இங்கேதான் கடைக்காரர் பேச்சு இனிக்கும். 8 எங்கே, 12 எங்கே! என் கேசட்டில் இருந்த பற்கள் 11, 13, 15, 17, 19, 21, 24, 28. இப்போதைய 12 வேக 105-இல் 11-34 கேசட் எடுத்தால் 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 24, 27, 30, 34. முன்னால் 50 பல் சக்கரத்தில் நான் 28 கிலோமீட்டரில் மிதிப்பது 17-ஆம் பல்லில், நிமிஷத்துக்கு 76 சுற்று. கொஞ்சம் வேகம் கூடினால் 15. இப்போ அந்த ரெண்டு வரிசையையும் திரும்பப் பாருங்க. 15, 17, 19, 21, 24. நான் காலையில் முக்கால்வாசி நேரம் இருக்கும் இடத்தில் ரெண்டும் ஒண்ணேதான்! கூடுதலாக வந்த பற்கள் 12, 14 என்று வேகமான பக்கத்திலும், 30, 34 என்று மலைப் பக்கத்திலும் இருக்கு. 12, 14 எனக்கு வேண்டாம், அந்த வேகத்தில் நான் போவதில்லை. 34 வேணும். ரொம்ப வேணும். பத்து சதவீத ஏற்றத்தில் 28 பல்லோடு எனக்கு நிமிஷத்துக்கு 47 சுற்றுதான் வந்தது, முழங்கால் முனகும். 34 பல் இருந்தால் 57.

அந்த 34-ஐ 8 வேகத்திலேயே வாங்கலாம். 11-34 கேசட் 8 வேகத்தில் கிடைக்குது. கிளாரிஸில் நீளக் கூண்டு கொண்ட பின் டீரெய்லர் 34 பல் வரை தாங்கும், என் வண்டியில் இருந்தது அதுதான். குட்டைக் கூண்டு இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். செயினும் கொஞ்சம் நீளமாக வேணும். குறை இல்லாமல் இல்லை. அந்த கேசட்டில் 26-க்கு அடுத்தது நேரே 34, மாற்றும்போது கால் சட்டென்று காற்றில் சுழலும். மலையில் மட்டும்தானே, பழகிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஃபிரேமை வைத்துக்கொண்டு 105 குரூப்செட்டை மட்டும் வாங்கிப் போடலாம் என்று நினைக்காதீங்க. ஷிஃப்டர், ரெண்டு டீரெய்லர், கேசட், செயின், கிராங்க் எல்லாம் ஒண்ணையொண்ணு பிடித்துக்கொண்டவை, ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறணும். பழைய ஹப்பில் புதிய ரோடு கேசட் பெரும்பாலும் உட்காராது, அப்போ சக்கரமும் போச்சு. கூட்டிப் பார்த்தால் பழைய வண்டியின் விலையைத் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகும் நீங்கள் உட்கார்ந்திருப்பது அதே ஃபிரேமில். செலவு அதோடும் நிற்காது. செயினும் கேசட்டும் தேய்கிற சாமான், கடலோர உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம் போகும். 12 வேகத்தில் அவற்றின் விலை 8 வேகத்தைப் போல ரெண்டு மூணு மடங்கு. வாங்கும் நாளில் இதை யாரும் சொல்வதில்லை.

நோட்டில் இதுவரை எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் என் கை மரத்ததுக்கு இதில் பதில் எங்கே? அழுத்தம் குறைத்தால் அதிர்வு குறையும், சரி. அது மட்டும்தானா?

கார்பன் சமாச்சாரத்தைத் தோண்டினேன். ஃபிரேம் எதில் செய்தாலும் மேலும் கீழுமாக அது வளைந்து கொடுக்கும் அளவு டயர் அமுங்கும் அளவோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். டயர் மில்லிமீட்டர் கணக்கில் அமுங்கும். அதிர்வுக்கு மருந்து வேணும்னா முதலில் டயரில் தேடணும், ஃபிரேமின் பொருளில் இல்லை. அடுத்து, பிஆர்எம்மில் நண்பர் எடுத்த போட்டோக்களை வரிசையாகப் பார்த்தேன். பத்துப் போட்டோவில் எட்டில் என் கை பிரேக் மூடி மேலே இல்லை, ஹேண்டில்பாரின் நடுவில் நேராக இருக்கும் பகுதியில் இருந்தது. பிரேக் மூடியில் கை இருந்த ரெண்டிலும் முழங்கை குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு, தோள் காதைத் தொடுகிறது. எட்டாத இடத்துக்கு எட்டிப் பிடித்திருக்கேன். உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையின் வெளி ஓரத்தில், நரம்பு போகிற இடத்தில் விழுந்திருக்கு.

வண்டியை அளந்தேன். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை எனக்கு ஏறக்குறைய ரெண்டு சென்டிமீட்டர் நீளம். நான் வாங்கப் போன கார்பன் வண்டியின் அளவட்டையை எடுத்துப் பார்த்தேன். அதே 'எம்' அளவு, ரீச் என்கிற நீள அளவு என் வண்டியைவிட 4 மில்லிமீட்டர் அதிகம், உயரம் குறைவு! இன்னும் நீண்டு, இன்னும் குனிந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரமும் போட்டு, அதே நரம்பை இன்னும் கொஞ்சம் நசுக்கியிருப்பேன். அந்த அட்டையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கு.

செய்தது என்ன? ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் 110 மில்லிமீட்டர். அதை எடுத்துட்டு 90 போட்டேன், மேல்நோக்கித் திருப்பி. 1,300 ரூபாய். தடித்த பார் டேப் 600. நல்ல டயரும் டியூபும் 7,400. கேசட், செயின் 2,600. பிரேக் கட்டை நல்ல ரப்பரில் 900, இதை முதல் நாளே மாற்றியிருக்கணும், மழையில் இறங்கும்போது வித்தியாசம் தெரிகிறது. ஆகமொத்தம் 12,800. அடுத்த வருஷம் அதே 300 கிலோமீட்டரை ஓட்டினேன். கை சோர்ந்தது, மரக்கவில்லை. கூரையையும் சரி பண்ணியாச்சு.

அதனால்தான் அந்த டீக்கடையில் யோசிக்காமல் "வேண்டாம்பா" என்றேன். நோட்டைத் திரும்பப் படித்தபோது ஒன்று தெளிவாச்சு. என் புகார்கள் எல்லாமே கழற்றி மாட்டக்கூடிய பாகங்களில் இருந்தன. டயர் தேயும், கேசட் தேயும், ஸ்டெம் நாலு ஆணியில் வந்துவிடும். எந்தப் புகார் ஃபிரேமுக்குள்ளேயே இருக்கிறதோ, அதைக் காசு போட்டு மாற்ற வழியில்லை, வண்டியைத்தான் மாற்றணும். அப்படிப்பட்டவை அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்து மூணுதான்.

டயர் இடம் ஒன்று. பழைய ரிம் பிரேக் வண்டிகளில் ஃபோர்க்குக்கும் பிரேக்குக்கும் நடுவில் 25, மிஞ்சினால் 28-தான் நுழையும். உங்கள் சாலை மோசம், 32 போட்டால்தான் நிம்மதி என்றால் அந்த ஃபிரேம் இடம் தராது. பிரேக் இன்னொன்று. டிஸ்க் பிரேக் மாட்டும் இடம் ஃபிரேமிலேயே இருக்கணும், பிறகு சேர்க்க முடியாது. சமதரையில் ஓட்டுகிறவருக்கு நல்ல கட்டை போட்ட ரிம் பிரேக் தாராளம். மழைக்காலத்தில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குகிறவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ஈர ரிம்மில் கட்டை பிடிப்பதற்குள் சக்கரம் ஒரு சுற்றாவது போய்விடும், மண்ணும் தண்ணியும் சேர்ந்து ரிம்மையே அரைக்கும்.

மூணாவது, ஃபிரேம் அளவு. இதுதான் பெரியது, இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ரெண்டு சென்டிமீட்டர் நீளத்தை ஸ்டெம் சரிபண்ணும். நாலு சென்டிமீட்டரை சரிபண்ணாது. ஸ்டெம்மை 70-க்குக் கீழே குறைத்தால் ஹேண்டில் திடுக்கென்று திரும்பும். சீட்டை முன்னால் தள்ளி ஈடுகட்டினால் கையில் இருந்த வலி முழங்காலுக்கு இடம் மாறும். சீட்டின் இடம் காலுக்காக, கைக்காக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டினேன், வேணும்னே. முட்டுக்காடு பாலம் தாண்டும் வரை பார்த்தேன். கை ஒரு தடவைகூட பிரேக் மூடிக்குப் போகவில்லை. சீட்டு தண்டவாளத்தில் முன்பக்கம் கடைசி வரை தள்ளியிருந்தது. ஸ்டெம் ஏற்கனவே குட்டை. நிறுத்தினதும், "தம்பி, உங்க உயரம் என்ன?" என்றேன். 164. வண்டி? "56 அண்ணா. அப்போ கடையில அது ஒண்ணுதான் இருந்துச்சு. ஸ்டெம் மாத்திக்கலாம்னு சொன்னாங்க, மாத்தியும் குடுத்தாங்க." அவருக்கு வேண்டியது 50, அதிகம் போனால் 52. கழுத்து வலிக்குமா என்று கேட்டேன். ஓட்டினா எல்லோருக்கும் வலிக்கும்தானே அண்ணா என்றார்.

நான் முந்தின வாரம் சொன்னதை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டேன். "மாத்துங்க. கண்டிப்பா மாத்துங்க. ஆனா 105-க்காக இல்லை." அந்த ஒண்ணு அறுபது வண்டி அவர் அளவில் இருந்ததா என்று கேட்டால், கடையில் 54 நிற்கிறது, தள்ளுபடியோடு. மறுபடியும் அதே கதை! இருப்பில் உள்ளதை விற்பது கடையின் வேலை, அதைக் குறை சொல்ல முடியாது. நம் அளவைத் தெரிந்துகொண்டு போவது நம்ம வேலை. ஒரே எழுத்து போட்ட ரெண்டு கம்பெனி வண்டிகள் ஒரே நீளம் இருக்காது, 'எம்', 'எல்' என்பதையெல்லாம் விட்டுட்டு ஸ்டாக், ரீச் என்கிற ரெண்டு எண்ணை மட்டும் கேளுங்க என்று எழுதிக் கொடுத்தேன். முடிந்தால் அரை மணி நேரம் உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கணும், கடை வாசலில் ஒரு வட்டம் அடிப்பது கணக்கில் வராது.

ஆசை என்று ஒன்று இருக்கே, அதையும் சொல்லிவிடணும். புது வண்டியின் மேல் ஆசையாக இருக்கு, கையில் காசு இருக்கு, வீட்டில் யாருக்கும் தட்டுப்பாடு இல்லை என்றால் வாங்குங்க. அதுக்கு வாட் கணக்கு எதுவும் வேண்டாம். பிரியமான வண்டி என்றால் காலை நாலரைக்கு எழுந்திருக்க மனசு வருது, அதை எந்தச் சூத்திரத்தில் போடுவது. என் கணக்கெல்லாம், ஆசையை வேகம் என்றும் மருத்துவம் என்றும் பேர் மாற்றி வைத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறவர்களுக்கு. நானும் அதில் ஒருத்தனாக இருந்ததால் தெரியும்.

தம்பி மூணு வாரம் தேடி, 50 அளவில் ஒரு பழைய வண்டி பிடித்தார். அலுமினியம்தான், சோரா, 9 வேகம், டிஸ்க் பிரேக், 32 வரை டயர் நுழையும். 46,000. எடை ஏறக்குறைய பழையதைப் போலவே. 56-ஐ அவரைவிட ஒரு சாண் உயரமான ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், அவருக்கு அது கச்சிதம். நேற்று கோவளத்தில் கை பிரேக் மூடி மேலேயே இருந்தது. டீ வருவதற்குள் கேட்டார்: "அண்ணா, இதுல டயர் மட்டும் மாத்திடலாமா?"